வம்புப்பொருள்

மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை பிறந்த அத்தனை கோடிப் பேரிலும், ஆறாவது அறை தேவைப்படாத ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

தினமும் காலையில் எங்கள் கல்லூரி வாசலில் டப்பா சோதனை நடக்கும். அந்த டப்பாவுக்கு அரசு வைத்த பெயர் 'அறுவறை உயிர்காப்புப் பேழை'. சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஆறு அறைகள். முதல் அறையில் பொத்தான் விளக்கு. பிறகு தண்ணீர்ப் பொட்டலம், குளுக்கோஸ் வில்லை, கட்டுத்துணி, மூக்குமூடி. இந்த ஐந்தும் எல்லோருக்கும் ஒன்றே. ரேஷன் கடையில் கொடுப்பார்கள். ஆறாவதில் வைக்கவேண்டியதை மட்டும் அவரவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் அதற்கு 'உரையாடல் தூண்டி' என்று பெயர். ஊரில் எல்லோரும் வம்புப்பொருள் என்பார்கள்.

என் ஆறாவது அறை காலி. சோதிக்கிற மாணவர் குழு கேட்டால் நாக்கை நீட்டிக் காட்டுவேன். "இதுதான் என் தூண்டி. பெட்டிக்குள்ள அடங்காது." அவர்களும் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். வம்புப்பொருள் ஒழிப்புச் சங்கம் என்று ஒன்றை நிறுவி, அதன் தலைவராகவும் செயலாளராகவும் ஒரே உறுப்பினராகவும் இருந்தேன். 'பேசத் தெரியாத தமிழனும் உண்டோ?' என்ற தலைப்பில் கல்லூரிச் சுவர்ப் பலகையில் நான் எழுதி ஒட்டிய கட்டுரையைப் பெண்கள் விடுதியில் படம்பிடித்துப் பரப்பினார்களாம். நம்பத் தகுந்த வட்டாரங்கள் சொல்லின.

என் அறைத்தோழன் செல்வின் இதற்கு நேர் எதிர். நாகர்கோவில்காரன். மூன்று வாரமாக ஆறாவது அறைக்கு என்ன வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் சொந்தக்காரர்களில் ஒருவருக்கு போன் போடுவான். போடுமுன் விளக்கை அணைத்துவிடுவான். இருட்டில்தான் உண்மையான பதில் வருமாம்.

"மாமா, நீங்களும் நானும் குழிக்குள்ள கெடந்தா எதுக்கு சண்ட போடுவீங்க?"

"ஒங்கம்மைக்க கல்யாணத்துல எனக்கு ரெண்டாம் பந்தியில எல போட்டானுவல்லா, அதுக்குப் போடுவேன்."

நான் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். செல்வின் கோபித்துக்கொள்ள மாட்டான். "சிரிலே மக்கா. உள்ள போனா தெரியும்" என்பான்.

உள்ளே போவது என்றால் மண்ணுக்குள் போவது. நூறு வருஷம் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் எங்கள் படுகை நிலத்துக்கு அடியில் இப்போது பெரிய பெரிய வெற்றிடங்கள். கடல் உள்வாங்குவதுபோல நிலம் உள்வாங்குகிறது. மாதத்துக்கு ஒரு தெருவோ ஒரு பள்ளி மைதானமோ காணாமல் போகும். கீழே போனவர்களை எடுக்க 'துழாவி' என்ற இயந்திரம் வரும். ஆங்கிலத்தில் லிஸனர். நண்டு வடிவம், ஒரு லாரி அளவு. மேலே நடக்கும், நின்று காதை மண்ணில் வைக்கும், கேட்டால் தோண்டும்.

எதைக் கேட்டால் என்பதில்தான் எங்கள் வாழ்க்கை மாறிப்போனது. முதலில் வந்த துழாவிகள் எந்தச் சத்தத்துக்கும் தோண்டின. இறந்தவரின் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்த செல்போனுக்காக இரண்டு நாள் தோண்டிய கதை உண்டு. உடைந்த குழாயில் சொட்டிய தண்ணீருக்காகத் தோண்டியது உண்டு. பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தவர்கள் அதற்குள் முடிந்துபோனார்கள். அதனால் இயந்திரத்துக்குப் புதிய காது வைத்தார்கள். இரண்டு குரல், மாறி மாறி, ஒன்று சொன்னதால் மற்றது மாறுகிற பேச்சு. அதற்கு மட்டும்தான் இப்போது துழாவி நிற்கும். திரும்பத் திரும்ப வருகிற எதையும் அது இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். "காப்பாத்துங்க" என்று ஒருவர் அலறிக்கொண்டே இருந்தால் அதுவும் இரைச்சல்தான்.

அதனால்தான் இங்கே யாரும் தனியாக நடப்பதில்லை. கழிவறைக்குக்கூட ஜோடியாகத்தான் போவோம்.

மண்ணுக்குள் போன மனிதர்களுக்குப் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அன்பாகப் பேசிக்கொண்டவர்கள் அரைமணியில் ஓய்ந்துபோனார்கள். சண்டை போட்டவர்கள் மூன்றாம் நாள் வெளியே எடுக்கும்போதும் சண்டையை நிறுத்தவில்லை. இதை ஆராய்ந்து கண்டுபிடித்த குழுவில் ஒருவர் எங்கள் நிலத்தாழ்வியல் துறைத் தலைவர் ஏகாம்பரம் சார். வம்புப்பொருள் என்ற ஏற்பாட்டுக்கே பாதிக் காரணம் அவர். என்னை வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்கடித்தவரும் அவர்தான்.

அன்றைக்குச் சோதனைக் குழுவில் புதிதாக ஒரு பெண். நாக்கை நீட்டியபோது அவள் சிரிக்கவில்லை. "ஆறாவது அறை காலி. துறைத் தலைவரைப் பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டாள்.

சாரின் அறை தரைத்தளத்தில் இருந்தது. அந்தப் பக்கம் போனவர்களோடு சேர்ந்து நடந்து போய்க் கதவைத் தட்டினேன். மேசை மேல் என் கட்டுரையின் படம் கிடந்தது.

"இளம்பரிதி, இது நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"இது வேடிக்கையா?"

"இல்ல சார்."

"நாளைக்குள்ள ஆறாவது அறையில ஏதாவது இருக்கணும்."

"சரிங்க சார்."

கவனித்திருப்பீர்கள். மனித குலத்தின் தலைசிறந்த நாக்கு இதுவரை பேசியது இவ்வளவுதான். என் கிண்டலுக்கு எப்போதும் ஒரு கூட்டம் வேண்டும். கிண்டல் செய்யப்படுகிறவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அதைப் பற்றி மேலும் யோசிப்பதற்குள் மேசை மேல் இருந்த பேனா தானாக உருண்டது.

சார் பேனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் போய்விட்டிருந்தது. "சுவரோரமா வா" என்றார். அதற்குள் தரை இல்லை.

சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் வயிறு மேலே ஏறியது. பிறகு இருட்டு, பிறகு வாய் நிறைய மண். எதன் மேலோ விழுந்தேன். மேலே ஏதேதோ வந்து விழுந்துகொண்டே இருந்தது. அது நின்றபோது இருந்த அமைதியைப்போல ஒன்றை நான் முன்னும் பின்னும் கேட்டதில்லை.

விளக்கைத் தேடி எடுத்து அழுத்தினேன். ஒரு கட்டில் அளவு இடம். மேலே கான்கிரீட் பலகை சாய்ந்து நின்று எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அல்லது இன்னும் முடிவெடுக்காமல் இருந்தது. சார் எனக்கு எதிரே மல்லாந்து கிடந்தார். அவருடைய புத்தக பீரோ முழங்காலுக்குக் கீழே அவர் மேல் கிடந்தது. இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தோம். பீரோ அசையவில்லை. மேலிருந்த பலகைதான் கிறீச்சென்றது. நிறுத்திக்கொண்டோம். என் கட்டுத்துணியையும் அவருடையதையும் சேர்த்து, முழங்காலுக்கு மேலே கிழிந்திருந்த இடத்தில் இறுக்கிக் கட்டினேன். துணி உடனே கருத்து நனைந்தது.

"பயப்படாத" என்றார் சார்.

"சரிங்க சார்" என்றேன். என் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மேலே கேட்டது. டொக். டொக். டொக். துழாவியின் கால்கள். நெருங்கி வந்து நின்றது. அது கேட்கிற நேரம்.

"பேசு" என்றார் சார்.

என் தலைக்குள் வெறும் மண் இருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. சார்தான் பேசினார். மண்ணின் அடுக்குகளைப் பற்றி, எந்த அடுக்கு முதலில் உடையும் என்பதைப் பற்றி, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். அவர் நிறுத்தும் இடங்களிலெல்லாம் நான் "ஆமா சார்" என்றேன். மூன்று வருஷமாக வகுப்பில் செய்ததைத்தான் செய்தேன். வாய் தானாகச் செய்தது.

டொக். டொக். டொக். கால்கள் விலகிப் போயின.

சார் கண்ணை மூடிக்கொண்டார். "போயிருச்சு."

"ஏன் சார்? ரெண்டு பேரும் பேசினோமே?"

"நான் பேசினேன். நீ ஆமா சார்னு சொன்ன. ஒரே மாதிரி, ஒரே சுருதியில. அதுக்கு அது எதிரொலி. ஒருத்தன்தான் இருக்கான், அவனும் பிதற்றுறான்னு கணக்குப் போட்டிருக்கும்." மூச்சு வாங்கினார். "அந்தக் கணக்கைப் போட்டுக் குடுத்தவன் நான்."

எனக்கு அழுகை வந்தது.

"அது திரும்ப வரும். ஒரு சுத்து சுத்திட்டு வரும். அப்ப நீ என்னை எதிர்த்துப் பேசணும். புரியுதா?"

"சரிங்க சார்."

சார் என்னைப் பார்த்தார். விளக்கின் வெளிச்சத்தில் அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. என்னை நம்பித்தான் தன் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட மனிதரின் பயம். அதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்கானது. துறைத் தலைவரே பயந்தால் நான் யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வது?

"என் டப்பாவை எடு" என்றார். "சட்டைப்பையில."

எடுத்துத் திறந்தேன். ஆறாவது அறையில் நகக்கண் அளவு ஒரு பெயின்ட் சில்லு இருந்தது. சுவரிலிருந்து பெயர்த்தது.

"எங்க வீட்டு ஹால் சுவரு. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி அடிச்ச பெயின்ட்டு. எனக்கும் என் வீட்டுக்காரி வத்சலாவுக்கும் அன்னைலேருந்து சண்டை. அவகூட விழுவேன்னு நினைச்சுத்தான் வெச்சேன்." கொஞ்சம் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் வெக்கிறோம். கூட யாரு இருக்கணும்னு ஆசையோ அவங்களுக்காக. ஆராய்ச்சியில இதை யாரும் எழுதல."

"ஆமா சார்."

"இது என்ன கலர்னு சொல்லு. எனக்கு இது பச்சை. பச்சைதானே?"

சில்லை விளக்கருகே பிடித்தேன். நீலம். சந்தேகமே இல்லாத நீலம். ஒரு குழந்தை நீலம் என்று சொல்லும். ஓர் ஆடு நீலம் என்று சொல்லும்.

"ஆமா சார்" என்றேன். "பச்சை."

அவர் தலையை மண்ணில் சாய்த்துக்கொண்டார். மேலே பலகை இன்னொரு முறை கிறீச்சென்றது. கழுத்தில் மண் உதிர்ந்தது. விளக்கின் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. எங்கேயோ தண்ணீர் கசியும் சத்தம். என் முதுகு நனைந்திருந்தது, வியர்வையா கசிவா என்று தெரியவில்லை. தூரத்தில் மறுபடி கேட்டது. டொக். டொக்.

துழாவி இந்த முறையும் போய்விட்டால் சார் செத்துவிடுவார். பிறகு நான் தனி ஆள். தனியாக விழுந்தவர்களைப் பற்றி அரசு அறிக்கையில் ஒரு வரிகூடக் கிடையாது.

டொக். தலைக்கு நேர் மேலே நின்றது.

"பச்சை" என்றார் சார், குரலே இல்லாமல்.

என் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"நீலம்."

"என்னது?"

"நீலம் சார்."

"நல்லாப் பாருடா."

"நல்லாத்தான் பாத்தேன். நீலம்."

"இருபத்திரண்டு வருஷமா அந்த ஹால்ல உக்காந்து பேப்பர் படிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"இருபத்திரண்டு வருஷமாத் தப்பாப் படிச்சிருக்கீங்க சார்!"

சொன்னதும் அடி விழும் என்று முகத்தை ஒதுக்கிக்கொண்டேன், உண்மையாகவே. சார் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"யாருகிட்ட பேசறன்னு தெரியுதா?"

"தெரியுது சார்! போன செமஸ்டர் மூணாவது யூனிட்டு படத்தைத் தலைகீழாப் போட்டவர்கிட்ட பேசறேன்!"

"எந்தப் படம்?"

"நீரடுக்கு படம். தண்ணி மேல, மண்ணு கீழ போட்டீங்க. மொத்த கிளாஸுக்கும் தெரியும்."

"அம்பது பேரு உக்காந்திருந்தீங்களேடா! ஒருத்தன் சொல்லல?"

"அம்பது பேரும் ஆமா சார்னோம்!"

"ஏன்?"

"நீங்க சாரு, சார்!"

மேலே மூன்று தட்டு விழுந்தது. துழாவி எங்களைக் கேட்டுவிட்டதற்கான அடையாளம். பிறகு அதன் துளைப்பான் உறுமியது. பலகை முழுக்க நடுங்கியது. எனக்குச் சிறுநீர் பிரிந்துவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. துளைத்துக்கொண்டே அது கேட்டுக்கொண்டும் இருக்கும். பேச்சு நின்றால் அதுவும் நிற்கும், அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

"பச்சைன்னா புல்லு மாதிரி இருக்கணும் சார். இது புல்லு மாதிரியா இருக்கு?"

"பாசி மாதிரி இருக்கு."

"நீலப் பாசி!"

"அந்தப் பாசி... தண்ணியில பச்சையாத்தான் தெரியும். படிச்சிருந்தா தெரியும். நீ எங்க படிச்ச?"

"உங்க கிளாஸுலதான் சார். அதான் தெரியல!"

விளக்கு அணைந்தது. இனி நிறமே கிடையாது. இருட்டில் நாங்கள் பச்சை, நீலம் என்று கத்திக்கொண்டிருந்தோம். அவர் பதில் வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே போனது. நான் அவரைக் குருடன் என்றேன். அவருடைய ஆராய்ச்சியைக் குப்பை என்றேன். என் வாழ்நாளில் யாரையும் அப்படித் திட்டியதில்லை. அழுதுகொண்டே திட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் குரல் வரும்வரை என் மூச்சும் நின்றிருந்தது.

பிறகு அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"சரிப்பா. நீலமாவே இருந்துட்டுப் போகட்டும்."

துளைப்பான் சட்டென்று நின்றது.

சண்டை முடிந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன். மேலே இரும்புக்கால் ஒன்று மண்ணிலிருந்து விடுபடும் சத்தம் கேட்டது.

"இல்ல சார்!" என்று கத்தினேன். "இப்ப யோசிச்சா பச்சைதான்!"

மௌனம்.

"பச்சைதான் சார்! நீங்க சொன்னதுதான் சரி! சுத்தப் பச்சை!"

"டேய்." எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "இவ்வளவு நேரம்... நீலம்னு... உயிரை வாங்கினியே."

"அப்ப தப்பாச் சொன்னேன்."

"தப்பு இல்ல. நீலம்தான்."

"பச்சை!"

"நீலம்டா, மடையா!"

துளைப்பான் உறுமியது. அதன் பிறகு கடைசிவரை நான் பச்சைக்கும் அவர் நீலத்துக்கும் சண்டை போட்டோம். ஒரு கீற்று வெளிச்சம் என் முகத்தில் விழுந்தபோதும் நான் நிறுத்தவில்லை. என்னைக் கயிற்றில் கட்டிய மீட்புக்காரர், "தம்பி, போதும், போதும்" என்று வாயைப் பொத்த வேண்டியிருந்ததாம்.

மருத்துவமனை வராந்தாவில் சாரின் மனைவி உட்கார்ந்திருந்தார். உள்ளே அறுவை நடந்துகொண்டிருந்தது. காலை எடுப்பது உறுதி, மற்றதைச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் போய் நின்றதும் அந்தம்மா என் கையில் இருந்த சாரின் டப்பாவைப் பார்த்தார். வாங்கித் திறந்தார். சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இதை வெச்சா சண்டை போட்டீங்க?"

"ஆமாங்கம்மா."

"அவரு என்ன சொன்னாரு?"

நீலம் என்று சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டேன். "பச்சைன்னுதாம்மா. கடைசிவரைக்கும் விட்டுக்குடுக்கவே இல்ல."

அவர் சில்லைச் சுற்றி விரல்களை மூடிக்கொண்டார்.

"அப்ப பொழைச்சுக்குவாரு" என்றார்.

பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் பார்க்க விட்டார்கள். கட்டிலருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"ம். உக்காரு."

"பரவால்ல சார்."

மேலே வந்துவிட்டோம் அல்லவா. அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெஸ்ட் எடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் செல்வின் பக்கத்து அறைக்காரனோடு சாப்பிடப் போயிருந்தான். என் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தேன். ஆறாவது அறை இன்னும் காலி. கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோலி, பஸ் டிக்கெட், பேனா மூடி. எதையும் வைத்துக்கொண்டு யாரோடும் சண்டை போட வரவில்லை. கடைசியில் போனை எடுத்தேன்.

அப்பா எடுத்தார்.

"அப்பா, நான்தான்."

"ம். இரு, அம்மாட்ட குடுக்கறேன்."

"வேணாம்ப்பா. உங்ககிட்டதான் பேசணும்."

அங்கே டிவி சத்தம் நின்றது. "என்னடா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்களும் நானும் குழிக்குள்ள கெடந்தா, எதுக்குப்பா சண்டை போடுவோம்?"

மூச்சு மட்டும் கேட்டது. காத்திருந்தேன். அந்த மண்ணுக்குள் இருந்த அமைதி காதுக்குள் மறுபடி ஏறி வந்தது.

"நமக்குள்ள என்னடா சண்டை?" என்றார் அப்பா. "நீ சொன்ன பேச்சுக் கேக்கற பையன். நான் எது சொன்னாலும் சரிப்பான்னுதானே சொல்லுவ."

எழுந்துபோய் விளக்கை அணைத்தேன்.

"இல்லப்பா" என்றேன்.